பிடித்த மீனைக் கீமோ நாளில் தொடாதே

சியாட்டில்

அன்புள்ள அக்காவுக்கு,

கீமோவுக்குப் போகிற நாளில் உடம்பில் தெம்பு வேண்டும் என்று அம்மா காலையிலேயே நெத்திலி அவியல் வைத்துச் சோறு ஊட்டாத குறையாக உன்னைச் சாப்பிட வைத்தாளாம். அத்தான் போனில் சொன்னார். அம்மாவின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அடுத்த கீமோ சைக்கிளுக்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று டியூட்டி முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுதினால் நீயும் அம்மாவும் திரும்பத் திரும்பப் படித்துக்கொள்ளலாம்.

சொல்ல வந்தது ஒன்றுதான். உனக்கு உயிரான எந்தச் சாப்பாட்டையும் கீமோவுக்கு முந்தின சில மணி நேரத்தில் சாப்பிடாதே. அன்று ராத்திரியும் வேண்டாம். இட்லியோ கஞ்சியோ போதும். இல்லாவிட்டால் மருந்தால் வருகிற குமட்டலோடு சேர்ந்து அந்தச் சாப்பாடே உனக்குப் பிடிக்காமல் போய்விடும்.

நான் வேலை பார்க்கிற கீமோ பிரிவில் சாய்வு நாற்காலிகள் ஜன்னலைப் பார்த்து வரிசையாக இருக்கும். வெளியே எந்நேரமும் தூறல். நம் ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது, நாள் முழுக்க நசநசவென்று தூறும். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அதெல்லாம் பழகிவிட்டது. இந்தப் பிரிவில் என்னை முதலில் அசர வைத்தது வாசனை விஷயத்தில் இவர்கள் காட்டுகிற கவனம்தான். நாங்கள் யாரும் சென்ட் போடக்கூடாது, மணமுள்ள லோஷன்கூடத் தடவக்கூடாது. சாப்பாட்டுத் தட்டு வந்தால் மூடியை வராந்தாவிலேயே திறந்து, ஆவி அடங்கின பிறகுதான் உள்ளே கொண்டுபோவோம். ஊசிக் குழாயைக் கழுவ உப்புத் தண்ணீர் செலுத்துவோம் இல்லையா, அது ரத்தத்தில் போனதுமே சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். வாயில் ஒன்றுமே வைக்காமல் பிளாஸ்டிக் வாடையும் இரும்பு ருசியும் வருகிறதென்பார்கள். சிரிஞ்சைக் கையில் எடுத்ததுமே ஒரு எலுமிச்சை மிட்டாயைக் கொடுத்துவிடுவேன். அதைச் சப்பிக்கொண்டிருந்தால் வாடை அவ்வளவாகத் தெரியாது.

இதற்கெல்லாம் காரணம் தெரிந்துகொண்டால் அம்மாவும் கோபப்பட மாட்டாள். ஜான் கார்சியா என்று ஒரு விஞ்ஞானி. ஸ்பெயினிலிருந்து வந்து கலிஃபோர்னியாவில் பண்ணை வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. சான் பிரான்சிஸ்கோவில் கடற்படையின் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்து வேலை பார்த்தார். சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் குடிக்கிற நேரத்தில் வயிற்றைக் கலக்குகிற கதிர்வீச்சு பட்ட எலிகள் அப்புறம் அந்தத் தண்ணீரை ஒதுக்கின. இது 1955-இல் வெளியானது. மணியடித்துச் சோறு வைத்து நாயைப் பழக்குவதென்றால், மணிக்கும் சோற்றுக்கும் நடுவே சில நொடிக்கு மேல் போகக்கூடாது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். சாப்பிட்டு மணிக்கணக்கு ஆன பிறகு குமட்டல் வந்தாலும் மூளை ஒரே தடவையில் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும் என்று கார்சியா அடுத்த வருஷங்களில் காட்டியபோது பலரும் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. உயிர் பிழைக்க வேண்டுமானால் மூளைக்கு இந்தப் புத்தி வேண்டும், அக்கா. விஷக்காயைத் தின்ற மிருகத்துக்கு வயிறு உடனேயா கலங்குகிறது?

இதில் மூக்கின் பங்கு பெரிது. ருசி என்று நாம் சொல்வதில் நிறைய மணம்தான். மெல்லும்போது மணம் தொண்டைக்குப் பின்புறமாக ஏறி மூக்குக்குள் போகிறது. பயம், வெறுப்பு எல்லாம் பதிகிற அமிக்டலா என்ற பகுதிக்கு மூக்கிலிருந்து கிட்டத்தட்ட நேர்வழி. எலிகளில் 1980-இல் ஒன்று கண்டார்கள். மணத்தை மட்டும் காட்டி வெகுநேரம் கழித்துக் குமட்ட வைத்தால் வெறுப்பு லேசாகத்தான் ஒட்டியது. அதே மணம் நாக்கில் ஒரு ருசியோடு சேர்ந்து வந்திருந்தால் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. அப்படிப் பதிந்துவிட்டால் வாயில் வைக்கவே வேண்டாம், பக்கத்து வீட்டில் சட்டி அடுப்பில் ஏறினாலே போதும்.

சாப்பாட்டுக்கும் குமட்டலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மூளை எப்படித் தாண்டுகிறது என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளை வைத்துப் பார்த்து 2025-இல் எழுதியிருக்கிறார்கள். திராட்சை மணமுள்ள கூல்-எய்ட் பானத்தைக் கொடுத்து, அரைமணி நேரம் கழித்து உடம்பு முடியாமல் போகச் செய்தார்கள். பானத்தைக் குடித்தபோது விழித்த அமிக்டலா செல்களே குமட்டல் வந்தபோதும் திரும்ப விழித்துக்கொண்டன. அந்தப் பானம் முன்பே பழகியிருந்தால் இவ்வளவு நடக்கவில்லை.

மருந்துதான் குமட்ட வைக்கிறது என்று உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கைப் போடுகிற பகுதி அதையெல்லாம் கேட்பதில்லை, கடைசியாக என்ன சாப்பிட்டாய் என்று மட்டும்தான் பார்க்கிறது.

இதைக் கீமோ நோயாளிகளிடம் முதலில் காட்டினது இதே சியாட்டிலில்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐலீன் பெர்ன்ஸ்டைன், கீமோ எடுக்கிற குழந்தைகளுக்கு ஊசிக்கு முன்னால் பழகாத ருசியில் ஒரு ஐஸ்கிரீம் கொடுத்தார். அப்புறம் ஐஸ்கிரீம் வேண்டுமா, விளையாட வேண்டுமா என்று கேட்டால் அவர்களில் ஐந்தில் ஒரு குழந்தைதான் ஐஸ்கிரீமைக் கேட்டது. வயிற்றைப் புரட்டாத மருந்து எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் ஐஸ்கிரீமைக் கேட்டார்கள். 1978-இல் வந்த ஆய்வு அது. குமட்டலை அடக்க இப்போது உனக்குப் போடுகிற ஓண்டான்செட்ரான் மருந்து அந்தக் காலத்தில் கிடையாது, அது அமெரிக்காவில் 1991-இல்தான் வந்தது. அந்தப் பிள்ளைகள் எவ்வளவு பட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதே பெர்ன்ஸ்டைன் 1987-இல் ஒரு வழியும் சொன்னார். சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவில் குழந்தைகளுக்கு விசித்திரமான மணமுள்ள மிட்டாய் ஒன்றைக் கொடுத்தார்கள், தேங்காய் மணம் அல்லது ரூட் பீர் மணம் (ரூட் பீர் என்பது இங்கே குடிக்கிற ஒரு சோடா, பீர் இல்லை). பழி மிட்டாயின்மேல் விழுந்தது, சாப்பாடு பெரும்பாலும் தப்பித்தது. சியாட்டில் பிள்ளைக்குத் தேங்காய் புதுசு. நாகர்கோவில்காரிக்கு அது ஆகுமா? தேங்காய் போனால் நமக்கு அப்புறம் சாப்பிட என்ன இருக்கிறது! அதனால் உனக்கு ரூட் பீர் மிட்டாய் அனுப்பியிருக்கிறேன். வாயில் போட்டால் அயோடெக்ஸ் தடவின மாதிரி மணக்கும். அதுதான் வேண்டும். ஊசி ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று போட்டுக்கொள். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான், வாயில் புண் இருந்தால் வேண்டாம்.

போன தடவை சாப்பிட்ட நெத்திலியை நினைத்துப் பயப்படாதே. சின்ன வயசிலிருந்து சாப்பிட்டதை மூளை சட்டென்று சந்தேகிக்காது. ஆனால் ஒவ்வொரு சைக்கிளிலும் அதையே சாப்பிட்டால் அந்தக் காப்பும் தேய்ந்துபோகும். ஒருவேளை இப்போதே வாடை பிடிக்கவில்லை என்றால் வலுக்கட்டாயமாகச் சாப்பிடாதே. சிகிச்சை முடிந்து வயிறு நன்றாக இருக்கிற நாளில் ஒரு வாய், இன்னொரு நாள் இரண்டு வாய் என்று ஆரம்பித்தால் வெறுப்பு மெல்லக் குறையும்.

அம்மாவிடம் சொல், நீ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அன்று வீட்டில் மீன் வைக்க வேண்டாம், கஞ்சியை ஆறவைத்துக் கொடுத்தால் போதும். சூட்டில்தான் மணம் தூக்கலாக இருக்கும்.

அடுத்த சைக்கிள் தேதியை அத்தானிடம் கேட்டு உடனே சொல். பார்சல் அதற்குள் வந்து சேராவிட்டால் நீ இதுவரை வாங்கியே பார்க்காத மணத்தில் கடையில் ஒரு மிட்டாய் வாங்கிக்கொள். ஏலக்காய் மட்டும் வேண்டாம், பாயசத்துக்கு வேண்டியிருக்கிறது.

உன் தங்கை