மடிப்புகள் வெறும் கைவண்ணம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சமயச் சிற்பங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். முகபாவத்தையும் முத்திரைகளையும் அத்தனை நுணுக்கமாக விளக்கியவர், ஆடையை மட்டும் ‘கலைஞரின் கைவண்ணம்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மைக்கேலாஞ்சலோ 1499-இல் முடித்த பியத்தா சிற்பத்தில், இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மரியன்னையின் வலக்கையைப் பாருங்கள். இயேசுவின் அக்குளுக்கு அடியில் தாங்கிப் பிடித்திருக்கிறது. விரல்களின் அழுத்தத்தில் சதை பிதுங்குகிறது. ஆனால் அந்தக் கை அவர் உடலில் நேராகப் படவில்லை. நடுவில் ஒரு துணி! பெற்ற தாய்க்கு எதற்கு இந்த மறைப்பு? புனிதமானதை வெறுங்கையால் தொடக்கூடாது என்பது பழைய மரபு. இத்தாலியின் ராவென்னா நகரிலுள்ள 6-ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்களில், விசுவாசத்துக்காக உயிர்நீத்த மறைசாட்சிகள் மகுடங்களை ஏந்தி வருவதும் துணி மூடிய கைகளில்தான். கத்தோலிக்கக் கோயில்களில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை ஏந்தி ஆசி வழங்கும் நற்கருணை ஆசீரின்போது குருவானவர் தோளில் போர்த்திய துணியால் கைகளை மூடிக்கொள்வதை இன்றும் காணலாம். மடியில் கிடப்பவன் மகன், வணக்கத்துக்குரிய இறைவனும் அவனே என்று அந்தத் துணி சொல்வதாகவே நான் கொள்கிறேன்.

ஸ்பெயின் ஓவியர் ஸுர்பரான் 1628-இல் வரைந்த புனித செராப்பியோன் சித்திரவதையில் இறந்தவர். ஓவியத்திலோ ரத்தமே இல்லை. கட்டிய கைகள், சாய்ந்த தலை, மற்றபடி முழுக்க வெள்ளை அங்கி. காயங்களை அது மூடிவிட்டது. ஆனாலும் துவண்டு தொங்கும் அந்த மடிப்புகளைப் பார்த்தாலே நெஞ்சு பதறுகிறது.

கைவண்ணம் காட்டுவதுதான் நோக்கம் என்றால், 5-ஆம் நூற்றாண்டுச் சாரநாத் புத்தரை எப்படிப் புரிந்துகொள்வது? மேனியில் மடிப்பே கிடையாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ஓடும் மெல்லிய விளிம்பும், மடித்த கால்களுக்குக் கீழே விசிறியாக விரிந்த துணியும் இல்லாவிட்டால் துறவியின் ஆடையான சீவரம் உடுத்தியிருப்பதே தெரியாது. காந்தாரத்தில் அதே சீவரத்தைக் கனத்த மடிப்புகளோடு முன்பே செதுக்கியிருந்தார்கள். மதுராவில் கயிறு கயிறாக வடித்தார்கள். சாரநாத் சிற்பி தெரிந்தேதான் விட்டிருக்கிறார். துணி கரையக் கரைய, உள்ளிருக்கும் அமைதி வெளியே தெரிகிறது.

நீங்கள் வெளியிட்ட பியத்தா படத்தில் மரியன்னையின் அந்த வலக்கை ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. அடுத்த பகுதியில் அதை மட்டுமாவது பெரிதாக வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்