ஒன்றரை மணி நேர யார்க்: டூர் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய டூர் கம்பெனி சாருங்களுக்கு வணக்கம்,

நம்ம ஆளுங்களை லண்டன்ல பஸ் ஏத்தி எடின்பரோல இறக்கிவிடுற எல்லாருக்கும்தான் இது. எங்களைக் கூட்டிட்டுப் போனவங்க பேரை இங்க போடல, படிச்சா அவங்களுக்கே தெரியும். கேக்குறது ஒண்ணுதான் சார். நடுவுல வர்ற யார்க்னு ஒரு பழைய இங்கிலாந்து ஊர்ல ஒரு ராத்திரி தங்க வைங்க. அது முடியலன்னா முழுசா நாலு மணி நேரமாவது குடுங்க.

பிரோஷர்ல மதில் படத்தைப் பெருசா போட்டு "கோட்டை நகரம் யார்க்"னு அடிச்சிருந்தீங்க, அதைப் பாத்துதான் அப்பா இந்த பேக்கேஜையே எடுத்தார். ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார், 71 வயசு, திருச்சிக்காரர். எங்க ஊர்ல கோட்டை மதில் எல்லாம் போயி மெயின்கார்டு கேட் மட்டும் தனியா நிக்குது, ஆனா இங்க 3 கிலோமீட்டருக்கு மேல மதில் இன்னும் நிக்குது, அது மேல ஏறி நடக்கலாம், டிக்கெட் கூட கிடையாதுன்னு பக்கத்து வீட்டு மாமா கிட்ட எல்லாம் சொல்லிட்டு வந்தவர். டைரியில ஒரு பக்கம் ஃபுல்லா குறிப்பு: ரோமன் ஆளுங்க கி.பி. 71ல படைக்கோட்டை போட்டது, 866ல வைக்கிங் ஆளுங்க புடிச்சது, 1800ல அந்த ஊர் நிர்வாகமே மதிலை இடிச்சுடலாம்னு கிளம்பினது, வில்லியம் எட்டின்னு ஒரு ஓவியர் எல்லாம் சேந்து எதிர்ப்பு காட்டினது. அதுக்குக் கீழ "பூத்தம் பார் டூ மங்க் பார் - கட்டாயம் நடக்கணும்"னு ரெண்டு கோடு (ரெண்டும் அந்த மதில்ல இருக்கிற வாசல்).

நீங்க குடுத்தது ஒன்றரை மணி நேரம். கோச் நிறுத்தின இடத்துல இருந்து உள்ள போக கால் மணி, திரும்ப கால் மணி, நடுவுல இந்தியன் லஞ்ச் பஃபே 40 நிமிஷம். மீதி இருபது நிமிஷத்துலதான் சார் ரெண்டாயிரம் வருஷம்! மின்ஸ்டர் கதீட்ரல் வாசல்ல குரூப் போட்டோ, பக்கத்துல சாஞ்சு உக்காந்திருக்கிற சிலையைக் காட்டி "யாரோ ஒரு ராஜா, வாங்க வாங்க"ன்னார் கைடு. கான்ஸ்டன்டைன் சார் அது! 306ல இந்த ஊர்லதான் அவரை ரோமுக்கு சக்கரவர்த்தின்னு அறிவிச்சாங்க. அப்பா வாயைத் திறந்தார், அதுக்குள்ள கைடோட கொடி அந்தத் திருப்பம் தாண்டிடுச்சு.

அப்பா ரெண்டு ஸ்பூன் புலாவோட எழுந்திருச்சதால எங்களுக்கு மட்டும் கொஞ்சம் டைம் மிச்சம் இருந்துச்சு. பூத்தம் பார் போனோம் (அந்த ஊர்ல கேட்னா தெரு, பார்னா கோட்டை வாசல், குடிக்கிற எடம்தான் பப், கைடு இதையாவது சொல்லியிருக்கலாம்). அம்மாவுக்கு முட்டி வலி, கீழயே பையோட நின்னுட்டாங்க. படி செங்குத்து, மழை பேஞ்சு ஈரம் வேற, அப்பா மடக்குன குடையை ஊனி ஊனி ஏறினார். மேல போனா ஒத்தையடிப் பாதை மாதிரி கல் நடை, உள்பக்கம் பல இடத்துல கைப்பிடியே இல்ல, மரத்துக்கு நடுவுல மின்ஸ்டரோட முதுகுப்பக்கம் தெரியுது. அப்பா அந்த மதில் கல்லு மேல உள்ளங்கையை வெச்சு அப்படியே நின்னார். "இன்னும் கொஞ்சம் போனா ஒரு மூலை வரும்டா, ரோமன் கோட்டையோட மூலையும் அதேதான்"னார். நாப்பது அடி நடந்திருப்போம், போன் அடிச்சுது. "சார் எல்லாரும் வந்தாச்சு, உங்களுக்காக பஸ் நிக்குது."

அவர் ஒண்ணும் சொல்லல. திரும்பிட்டார். மங்க் பார் வரைக்கும் நடக்க அரை மணி கூட ஆகாது சார், அதுக்குத்தான் நாலு மணி நேரம் கேக்குறேன்.

கிளிஃபோர்ட்ஸ் டவர்ங்கிற பழைய கோட்டை கோபுரத்தை பஸ் ஜன்னல்ல காட்டி "நல்ல போட்டோ ஸ்பாட்"னீங்க. 1190ல அந்த மேட்டு மேலதான் யூத ஜனங்க சுமார் 150 பேர் செத்துப்போனாங்க. அதை அப்பா மெதுவா அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தார், பின் சீட்ல அந்தாக்ஷரி ஓடிட்டு இருந்துச்சு.

அப்புறம் நடந்ததுதான் தாங்கல. அதே சாயந்திரம் ஒரு அவுட்லெட் ஷாப்பிங் சென்டர்ல ரெண்டு மணி நேரம் நிறுத்தினீங்க! தள்ளுபடி ஷூ கடைக்கு யார்க்கை விட அரை மணி கூட. கமிஷன் வருமோ என்னமோ, நான் கேக்கல. யார்க்ல ஷாம்பிள்ஸ் தெருவுல கசாப்புக்காரங்க கறி மாட்டின கொக்கி இன்னும் கடை முகப்புல இருக்கு, அதுக்குக் கீழயே நின்னு ஹாரி பாட்டர் மந்திரக்கோல் வாங்க ஆள் அனுப்புறீங்க. பத்து நாள்ல ஏழு நாடுன்னு விக்கிறீங்க, நாங்களும் அடிச்சுப் புடிச்சு வாங்குறோம், எங்க தப்பும் இருக்குதான். ஊர் பாக்கவா வந்தோம், இல்ல பஸ்ல தலை எண்ணவா?

மன்னிக்கணும், சூடாயிட்டேன். ஹோட்டல் சுத்தமா இருந்துச்சு, டிரைவர் தங்கமான மனுஷன், அதையும் சொல்லணும்.

தயவுசெஞ்சு அடுத்த சீசன் பிரோஷர் அடிக்கிறதுக்கு முன்னாடி யார்க்ல ஒரு ராத்திரி, இல்லன்னா நாலு மணி நேரம் போடுங்க. மதில் நடைன்னு தனியா எழுதியே போடுங்க, இருட்டினா மூடிடுவாங்க, அதையும் பாத்து டைம் வைங்க. முட்டி வலிக்காரங்க கீழ உக்காந்து காபி குடிக்க ஒரு எடம் சொல்லி வைங்க. டைம் எங்க இருக்குன்னு கேட்டீங்கன்னா, அந்த பஃபேயைத் தூக்கிடுங்க சார், புளியோதரை நாங்களே கட்டிட்டு வந்துடறோம்.

இப்படிக்கு,
பஸ்ஸை பன்னெண்டு நிமிஷம் லேட் பண்ண சீட் நம்பர் 23