தள்ளுபடிக்காக எந்த இரவை வெட்டினீர்கள்?

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைக்கு ஆள் திரட்டி அழைத்துப் போகும் ஏற்பாட்டாளர்களே, வணக்கம்.

உங்கள் விளம்பரங்களில் விலையும் தேதியும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. எந்த இரவு எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கவைப்பீர்கள் என்பது மட்டும் இல்லை. வருகிறவர் உச்சியைத் தொடுவாரா, ஸ்ட்ரெச்சரில் இறங்குவாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தக் கணக்குதான்.

மலை இருக்கும் தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு. கூடாரத்துக்கோ குடிலுக்கோ இரவுக்கு இவ்வளவு. அதன்மேல் 18 சதவீத வாட் வரி. இதில் பேரம் கிடையாது. அப்படியானால் நீங்கள் தரும் பெரிய தள்ளுபடி எங்கிருந்து வருகிறது? பயணத்தில் ஒரு நாளை வெட்டியிருக்க வேண்டும். இல்லையேல் சுமை தூக்குபவரின் கூலியிலும் தட்டிலும் கை வைத்திருக்க வேண்டும்.

மலையேறும் பாதைகளில் ஒன்றான மராங்கு வழியின் 5 நாள் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் இரவு மண்டாரா குடில், 2,720 மீட்டர். அடுத்தது ஹொரொம்போ, 3,720. மூன்றாவது கிபோ, 4,720. இரவுக்கு இரவு சுளையாக 1,000 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் இடத்தை ஓர் இரவில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கு என்பது மலை மருத்துவம் சொல்லும் விதி. நீங்களோ கிபோவில் சேர்ந்த அன்றே நள்ளிரவில் எழுப்பி 5,895 மீட்டர் உஹுரு உச்சிக்கு நடத்துகிறீர்கள். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஹொரொம்போவில் இன்னோர் இரவு சேர்த்து 6 நாளாக்குவதுதான் மராங்குவில் குறைந்தபட்சம்.

இன்னொரு பாதையான மச்சாமே வழியில் வெட்டுப்படுவது கரங்கா முகாமில் தங்கும் இரவு. 6 நாள் திட்டத்தில் பராங்கோ முகாமிலிருந்து சுவர்போல நிற்கும் பாறையில் ஏறி, கரங்கா பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஏறி, அன்றைக்கே சுமார் 4,670 மீட்டரில் இருக்கும் பராஃபு முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும். நாலைந்து மணி நேரம் கண்ணயர்ந்தால் உண்டு, நள்ளிரவில் புறப்பாடு. 7 நாள் என்றால் அதே தூரம் இரண்டாகப் பிரிகிறது. எங்களைக் கேட்டால் 8 நாள் லெமோஷோ வழி. ஷிரா 2, பராங்கோ, கரங்கா முகாம்கள் என்று மூன்று இரவும் 4,000 மீட்டரை ஒட்டியே போகும். நடுவில் ஒரு பகல் லாவா டவர் என்ற பாறைக்குன்றுக்கு 4,600 மீட்டர் வரை ஏறி இறங்கலாம். உடம்பு உயரத்துக்குப் பழகுவது இப்படித்தான். எல்லா விளம்பரத்திலும் ‘போலே போலே’ என்று ஸ்வாஹிலியில் போடுகிறீர்கள், மெதுவாக மெதுவாக என்று. காலை மெதுவாக வைப்பதால், விட்டுப்போன இரவு திரும்பி வராது.

உச்சி இரவுக்கு எத்தனை வழிகாட்டிகள்? எட்டுப் பேருக்கு இரண்டு பேர் என்று வைப்போம். ஒருவருக்கு 5,200 மீட்டரில் கால் தள்ளாடத் தொடங்குகிறது. ஒரு வழிகாட்டி அவரோடு இறங்கியாக வேண்டும். மீதி ஏழு பேரும் இருட்டில், பூஜ்யத்துக்குக் கீழே 10, 15 டிகிரிக் குளிரில், ஒற்றை ஆளை நம்பி நிற்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

விரல்நுனியில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பவும் வேண்டாம். விரல் சில்லிட்டிருந்தால் அது கண்டபடி எண் காட்டும். காலையும் மாலையும் தலைவலி, குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு நான்கையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். தலைவலியோடு மொத்தம் 3 தொட்டால் மலை நோய். மேலே ஏறக் கூடாது. குதிகாலை மறுகால் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்க முடியவில்லையா, மூளை வீக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, நுரையீரலில் நீர். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அப்போதே இறக்க வேண்டும். வீக்கத்தைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தைக் கொடுத்து ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று ஏற்றுவது அறிகுறியை மூடிவைக்கும் வேலை. மலை நோய் வராமல் முன்தடுப்புக்கு அசெட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, என்பது வழக்கம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள், மருத்துவரைப் பார்க்காமல் மிட்டாய்போல விநியோகிக்காதீர்கள்.

இனி, சுமப்பவர்கள். ஆளுக்கு உச்சவரம்பு 20 கிலோ. பூங்கா வாசலில் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். அங்கே 19 காட்டிய மூட்டை, வாசல் தாண்டிய வளைவில் அவிழ்த்துக் கட்டப்பட்டு 25 ஆகிவிடும். கூலி மிச்சம் பிடிக்க இரண்டு ஆளைக் குறைத்திருப்பார்கள். முகாமிலும் ஒருமுறை தராசு தூக்கச் சொல்லுங்கள். பராஃபுவில் தண்ணீர் கிடையாது, கரங்கா ஓடையில் பிடித்துத்தான் தலைச்சுமையாக மேலே போகிறது என்பதையும் ஆள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

‘மலையிலும் நம்ம வீட்டுச் சாம்பார்’ என்று ஆசைகாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே உங்கள் பருப்பு வேகாது, நிஜமாகவே. குக்கர் வேண்டும், கூடுதல் எரிவாயு வேண்டும், அதைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி போட்டுவிட்டு சாம்பாரைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் உள்ளூர்க் கூட்டாளி நிறுவனத்திடம் மூன்று கேள்வி எழுத்தில் கேளுங்கள்: தினக்கூலி எவ்வளவு, எத்தனை வேளைச் சாப்பாடு, தூங்கக் கூடாரம் எது. கிளிமஞ்சாரோ சுமைதூக்கிகள் உதவித் திட்டம் இதையெல்லாம் மலையிலேயே கண்காணிக்கிறது. அதன் பங்காளி நிறுவனங்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. ‘நூற்றுக்கு இத்தனை பேர் வெற்றி’ என்று போட்டால், எந்த இடம்வரை என்பதையும் போடுங்கள். உச்சிக்குக் கீழே எரிமலை வாயின் விளிம்பில் இருக்கும் கில்மன்ஸ் பாயிண்ட்டுக்கும் ஸ்டெல்லா பாயிண்ட்டுக்கும்கூடச் சான்றிதழ் உண்டு. ஸ்டெல்லாவிலிருந்து உஹுருவுக்கு இன்னும் முக்கால் மணி நேர நடை பாக்கி.

டிப்ஸை ஒரே உறையில் போட்டுத் தலைமை வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு நகராதீர்கள். கடைசி நாள் காலை, மச்சாமே, லெமோஷோ வழிகளில் இறங்கும்போது கடைசி இரவு தங்கும் ம்வேக்கா முகாமில் எல்லாரும் கூடியிருக்கும்போது, யார் யாருக்கு எவ்வளவு என்று ஷில்லிங்கில் உரக்க வாசியுங்கள். வாசலுக்குப் போனபிறகு முடியாது. மூட்டையை இறக்கியதும் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இப்படிக்கு,
இந்த மலைவழிகளை அறிந்தவர்கள்