ரயில் பாஸ்: ஞாயிறுக்குள் பதில் போடுங்கள்

நண்பர்களே, பாரிஸ் – சூரிச் – வியன்னா – வெனிஸ் என்று வழி முடிவாகிவிட்டது. யூரெயில் பாஸ் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் ரயில்களுக்கும் ஒரே பயணச்சீட்டு) கையில் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாரிஸிலிருந்து சூரிச் போகும் டிஜிவி என்ற அதிவேக ரயிலில் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தே ஆக வேண்டும். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடமும் கொஞ்சம்தான். அதைத்தான் முதலில் போடப் போகிறோம். சூரிச்–வியன்னா போகும் ரயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆல்ப்ஸ் மலைக்குள் பகலில் போகும் வண்டி, தூங்கித் தொலைக்காதீர்கள்!

வியன்னா–வெனிஸ் இரவு ரயில். படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் ஒரு ராத்திரி விடுதிச் செலவு மிச்சம். நள்ளிரவுக்கு முன் ஏறி, நடுவில் வண்டி மாறாவிட்டால் பாஸில் உள்ள பயண நாட்களில் ஒன்றுதான் கழியும். காலையில் வெனிஸ் தீவுக்கு முன்னால் வரும் மெஸ்த்ரே நிலையத்தில் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். நமக்கு அடுத்து வரும் சாந்தா லூசியா நிலையம். வெளியே வந்தால் நேரே கால்வாய், அப்புறம் பாலம் பாலமாகப் படிக்கட்டு. டிராலி வேண்டாம், முதுகுப்பைதான்.

பாஸ் விலையில் 27 வயது வரை இளைஞர் சலுகை உண்டு. ஆகவே பிறந்த தேதியையும், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம்.