தேசியப் பாரம்பரியத் துறைக்குத் திறந்த மடல்: ஈர மண்ணில் கிடக்கும் பழைய மரப்பொருள்கள் குறித்து

மதிப்பிற்குரிய பாரம்பரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூரிலிருந்து இதை எழுதுகிறேன். வடதுருவ நாடுகளில் உறைநிலம் உருகி, அதனுள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காக்கப்பட்டிருந்த மரப்பொருள்கள் மட்கி வருகின்றன. பனியே விழாத நமக்கு அதில் என்ன என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே மரத்தைத் தின்னும் காரணங்களுள் முதன்மையான ஒன்று நம் கரையோரச் சதுப்பிலும் வேலை செய்கிறது.

மேற்குக் கிரீன்லாந்தில் இலுலிசாட் நகருக்கு அருகே கஜா என்றோர் இடம் உண்டு. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த சக்காக் பண்பாட்டு மக்கள் எறிந்த எலும்பும் உடைந்த கருவிகளும் மேடாகச் சேர்ந்து உறைந்துபோயின. அதனால்தான் அவர்கள் கல் அலகைப் பொருத்திக் கட்டிய மரக் கைப்பிடிகள்கூட இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன. காடே இல்லாத அந்நிலத்தில் மரம் என்பது பெரும்பாலும் சைபீரிய ஆறுகள் கடலில் கொண்டுவந்து தள்ள, பனிக்கட்டியோடு மிதந்து கரையொதுங்கிய கட்டைதான். அப்படி அரிதாகக் கிடைத்ததைச் செதுக்கிய கையின் சுவடு அதில் இருக்கிறது. கல்லாயுதம் மட்டும் கிடைத்திருந்தால் அதை எப்படிப் பிடித்தார்கள் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

உறைந்த மண்ணில் பூஞ்சைக்கு நீர்மமான நீரும் இல்லை, போதிய வெப்பமும் இல்லை. மண் உருகியபின் நீர் அங்கேயே தேங்கி நின்றால் உயிர்வளி (ஆக்சிஜன்) எளிதில் உள்ளே போகாது. அந்நிலையில் சில நுண்ணுயிரிகள் மட்டுமே மிக மெதுவாக மரத்தை அரிக்கும். நீர் வடிந்து காற்று புகுந்துவிட்டாலோ, மென்னழுகல் பூஞ்சைகள் மர உயிரணுக்களின் சுவருக்குள் நுண்ணிய குழிகளைத் துளைத்து, வலுவைத் தரும் செல்லுலோசைத் தின்றுவிடுகின்றன. எஞ்சுவது லிக்னின் என்னும் கடினப் பொருளாலான வெற்றுக்கூடும் அதில் நிறைந்த நீருமே. வெளிப்பார்வைக்கு உளித்தடம்கூட அப்படியே தெரியும். வெயிலில் காயவிட்டால் மரம் சுருங்கி வெடித்து உருக்குலைந்து போகும். இதில் என்னை மிகவும் கலங்க வைப்பது மற்றொன்று. மட்கும் பொருளிலிருந்து நுண்ணுயிரிகள் வெப்பத்தையும் வெளியிடுகின்றன. கரிமப்பொருள் நிறைந்த கிரீன்லாந்து மண்ணில் அவ்வெப்பமே உருகுதலை விரைவுபடுத்தும் என்று 2015இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை காட்டியது. அழிவு ஒருமுறை தொடங்கினால் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தோட்டத்து வாய்க்காலில் பழைய பாலத்தின் மரக்காலைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் கால் மெலிந்து உதிரும், சேற்றுக்குள் எப்போதும் அமிழ்ந்திருந்த அடிப்பகுதியோ கத்தி இறங்காத அளவுக்கு உறுதியாக இருக்கும். இதே கோலலங்காட் மாவட்டத்தில், கம்போங் சுங்கை லாங்கில், 1964இல் இரண்டு வெண்கல முரசுகள் ஒரு மரப்பலகையின்மீது வைக்கப்பட்டிருந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டன. பேராக் மாநிலத்தின் கோலசெலின்சிங் சதுப்பில் படகு வடிவ மரப்பெட்டிகளில் இறந்தோர் புதைக்கப்பட்டிருந்தனர். வெண்கலம் மரத்தைவிட நெடுங்காலம் தாங்கும். பலகையையும் பெட்டியையும் காத்தது ஈரம்தான். செம்பனைக்காக வாய்க்கால் ஆழப்படுத்தப்படும்போது நிலத்தடி நீர் இறங்குகிறது, ‘கம்புட்’ எனப்படும் புல்கரி மண் (பாதி மட்கிய செடிகொடிகள் சேர்ந்த மண்) காற்றுப்பட்டு மட்கி அமுங்குகிறது. அதற்குள் நாம் இன்னும் காணாத பழைய மரப்பொருள்கள் இருக்குமானால் அவையும் அதனோடு மட்கும். தோட்டத் தொழிலால் வாழ்ந்த குடும்பத்திலிருந்து வந்தவன் நான். தோட்டங்களை மூடச் சொல்லவில்லை.

ஆகவே, ஏற்கெனவே அறியப்பட்ட சதுப்புநிலத் தொல்லிடங்களில் நீர்மட்டத்தையும் மண்ணிலுள்ள உயிர்வளியையும் தொடர்ந்து அளக்கத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். கஜாவில் ஆய்வாளர்கள் மண்ணுக்குள் கருவிகளைப் பதித்து வெப்பத்தை அளந்ததுபோல், இங்கே நீரை அளக்கலாம். நீர் இறங்குவது தெரிந்தால், அவ்விடத்தை ஒட்டிய வாய்க்காலில் மட்டும் சிறு தடுப்புகள் வைத்து நீரைத் தேக்குவது பெரிய செலவாகாது. காக்கவே முடியாத இடமாயின் காலத்தோடு அகழ்ந்தெடுக்க வேண்டும். அலாஸ்காவின் குவின்ஹாகாக் ஊரில், கடலரிப்பும் உருகலும் சேர்ந்து தாக்கிய நுனாலெக் தொல்லிடத்தை, அவ்வூர் யூப்பிக் பழங்குடி மக்களும் அபர்டீன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2009 முதல் அகழ்ந்தனர். கிடைத்த மர முகமூடிகளும் பாவைகளும் 2018இல் திறந்த அருங்காட்சியகத்தில் அவ்வூரிலேயே இருக்கின்றன. அப்படி ஊராரைச் சேர்த்துக்கொள்ளும் முறை இங்கும் வேண்டும்.

தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005இன்படி, இத்தகைய பொருளைக் கண்டெடுப்பவர் தங்களுக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். ஆனால் மண்வாரி இயந்திரத்தின் வாளியில் கறுத்த மரம் வரும்போது அருகில் நிற்பவர் மண்டோர் எனும் மேற்பார்வையாளரோ, வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளியோதான். அவர் அதைக் கரையில் போட்டுவிட்டால் சில நாள் வெயிலே போதும், பிறகு எந்த ஆய்வுக்கூடத்தாலும் பழைய வடிவத்தை மீட்க இயலாது. எனவே மலாய், தமிழ், வங்காளி ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரு பக்க அறிவிப்பை ஒவ்வொரு தோட்ட அலுவலகத்திலும் ஒட்டச் செய்யுங்கள். கண்டெடுத்த மரத்தைக் கழுவவோ உலர்த்தவோ கூடாது, எடுத்த சேற்றையே பூசி, ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைக்க வேண்டும் என்பதையும், அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் அதில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அடுத்த வாய்க்கால் தூர்வாரும் பணி தொடங்குமுன் இது வந்து சேர்ந்தால் பெரும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பந்திங் வட்டாரத் தோட்டவாசி ஒருவர்