ரும்பா அல்ல, சோன்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் இசைப் பக்கத்தில் ‘எல் மனிசேரோ’வை (கடலைக்காரன்) ‘கியூபாவின் புகழ்பெற்ற ரும்பா’ என்று அச்சிட்டிருந்தீர்கள். மொய்சேஸ் சிமோன்ஸ் அமைத்த அந்தப் பாட்டு ரும்பாவே அல்ல, சோன் என்னும் வேறொரு கியூப இசை வகை. அதிலும் ‘ப்ரெகோன்’, அதாவது தெருக்கூவலை வைத்துக் கட்டிய சோன்.

கியூபாவின் ரும்பாவுக்குக் குரல், தோல் மேளம், மரக்கட்டைகள் போதும். கித்தாருக்கு அங்கே வேலை இல்லை. சோனோ திரெஸ் என்னும் கித்தார் வகையைச் சுற்றி வளர்ந்தது. இந்தப் பாட்டில் ‘மனீ...’ (கடலை) என்று இழுப்பது மாடிவரை எட்டவேண்டிய கூவல். அடுத்து ‘வீட்டுக்காரம்மா, ஒரு பொட்டலம் கடலை தின்னாமல் தூங்கிவிடாதே’ என்று பேரம் தொடங்கும். அடியில் கரிக்கங்கு வைத்த தகர டப்பாவில் காகிதக் கூம்புகளைச் சூடாக வைத்து விற்பார்கள். முடிவில் ‘போகிறேன், போகிறேன்’ என்று குரல் தெருமுனை தாண்டிவிடும். இத்தனைக்கும் கீழே ஓடுவது பெரும்பாலும் மாறி மாறி வரும் இரண்டே சுரக்கூட்டுகள் (chords).

எளிது என்று நினைத்துத்தான் பலர் சறுக்குகிறார்கள். 16 வரை சீராக எண்ணி 1, 4, 7, 11, 13-இல் தட்டுங்கள். அதுதான் சோன் கிளாவே, அதாவது பாட்டைத் தாங்கும் தாளக்கட்டு. ஒரு பாதியில் மூன்று தட்டு, மறுபாதியில் இரண்டு. எந்தப் பாதியில் தொடங்கினாலும் நடுவில் புரட்டக் கூடாது. ஃபாக்ஸ்ட்ராட் என்னும் மேற்கத்திய ஜோடி நடனத்தின் பழக்கத்தில் நான்கு அடியையும் சமமாக அழுத்தினால் பாட்டு தட்டையாகிவிடும்.

குழப்பம் பிறந்த இடம் நியூயார்க். 1920களின் கடைசியிலேயே ரீத்தா மொந்தானேர் பாடிப் பதிவாகியிருந்த பாட்டை, 1930-இல் டான் அஸ்பியாசு குழு அங்கே பதிவு செய்தது. பாடியவர் அந்தோனியோ மச்சீன். ‘சோன்’ என்று போட்டால் ஆங்கிலத்தில் பாட்டு என்பதற்கான சொல்லின் எழுத்துப் பிழையாகத் தெரியும் என்று தயங்கினார்கள் என்பார்கள். எதுவானாலும் இசைத்தட்டில் ஏறியது ‘ரும்பா ஃபாக்ஸ்ட்ராட்’. தட்டு அமோகமாக விற்றது. அதே ஆண்டு லூயி ஆம்ஸ்ட்ராங், 1947-இல் ஸ்டான் கென்டன் என்று ஜாஸ்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

1933 முதல் எச்.எம்.வி.யின் ஜி.வி. வரிசைத் தட்டுகள் வழியாகக் கியூப இசை ஆப்பிரிக்காவுக்குப் போனது. காங்கோ இசைக்கலைஞர்கள் அதைக் கேட்டு, திரெஸும் பியானோவும் வாசித்ததைத் தங்கள் எலெக்ட்ரிக் கித்தாரில் பிடித்தார்கள். பெயர் மட்டும் தட்டில் இருந்த அதே ரும்பா.

யுனெஸ்கோ பட்டியலில் கியூப ரும்பா 2016-இலும் காங்கோ ரும்பா 2021-இலும் சேர்ந்தன. கடலைக்காரனுக்கு நெருங்கிய உறவு இரண்டாவதுதான்.

– வாசகர், திருச்சி