தம்பிக்கு, அந்த ரிப்போர்ட் பத்தி

தம்பி,

உன் பேரு எங்கயும் வராது, பயப்படாத. உன்ன மாதிரி வெளிய சொல்ல முடியாம தவிக்கறவங்க நிறைய பேரு, அவங்களும் படிக்கட்டும்னு தான் இங்கயே எழுதறேன்.

விந்தணு எண்ணிக்கை கம்மின்னு ரிப்போர்ட் வந்துச்சுன்னு எழுதியிருந்தியே, ஒரே ஒரு டெஸ்ட்ட வச்சு மனசொடிஞ்சு போகாதடா. விந்தணு உருவாகி வெளிய வர கிட்டத்தட்ட மூணு மாசம் ஆகும், அதனால ரெண்டு மாசம் முன்னாடி அடிச்ச கடும் காய்ச்சல் கூட இன்னைக்கு ரிப்போர்ட்ல கவுண்ட்ட இறக்கி காட்டலாம். சில வாரம் விட்டு இன்னொரு தடவை டெஸ்ட் எடு, அதுக்கு முன்னாடி ரெண்டுலேர்ந்து ஏழு நாள் உறவு இல்லாம இருக்கணும். அப்புறம் ரிப்போர்ட்ல குறைஞ்சபட்சம் இவ்வளவு இருக்கணும்னு போடற அளவு, ஒரு மில்லிக்கு 1.6 கோடி விந்தணு, அதுல அசையறது 42 சதவீதம்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல போட்டது, அது ஒரு வருஷத்துக்குள்ள மனைவி கருத்தரிச்ச ஆண்கள்லயே கடைசி 5 சதவீதம் பேரு நிக்கற கோடு. அதாவது அதுக்கு கீழ இருந்தவங்களும் அப்பா ஆனவங்க தான்.

எனக்கு கவலை என்னன்னா, ரிப்போர்ட்ட பாத்ததும் நேரா இக்ஸி பண்ணிடலாம்னு சொன்னாங்கன்னு எழுதியிருந்தியே, அது தான். இக்ஸி பெரிய விஷயம், நான் மறுக்கல, 1992ல முதல் குழந்தை பிறந்ததுலேர்ந்து எத்தனையோ பேருக்கு வழி திறந்திருக்கு, ஒரே ஒரு விந்தணுவ எடுத்து முட்டைக்குள்ளயே செலுத்திடறாங்க. ஆனா குறை உன்கிட்ட, தினமும் ஹார்மோன் ஊசி போட்டுக்கறதும் முட்டை எடுக்க மயக்கத்துல படுக்கறதும் உன் மனைவி. அதனால ஏன் கம்மின்னு முதல்ல கண்டுபிடி. ஆண்ட்ராலஜி, அதாவது ஆண்களோட குழந்தையின்மை வைத்தியம் தெரிஞ்ச யூராலஜி டாக்டர்கிட்ட போ, கையால சோதிச்சு பாக்கணும், ஹார்மோன் டெஸ்ட் எடுக்கணும். விதைப்பையில ரத்தக்குழாய் புடைச்சிருக்கற வேரிகோசீல் இருந்தா ஆபரேஷன்ல பல பேருக்கு கவுண்ட் ஏறும், ஆனா மாசக்கணக்குல பொறுக்கணும். மூளையிலேர்ந்து வர ஹார்மோன் கம்மின்னா ஊசியிலயே சரி பண்ணலாம். ஜிம்ல யாராவது டெஸ்டோஸ்டிரோன் போட்டு விட்டிருந்தா மறைக்காம சொல்லிடு, அது ஆண்மைய கூட்டும்னு நினைக்கறாங்க, ஆனா வெளியேருந்து போட்டா விந்தணு உற்பத்தியே நின்னுடும், திரும்ப வர மாசக்கணக்காகும்.

ஐயூஐ, அதாவது விந்தணுவ நேரா கருப்பைக்குள்ள விடறது, குறை லேசா இருந்தா சரி, கவுண்ட் ரொம்ப கம்மின்னா காசும் காலமும் தான் போகும். சுத்தமா ஜீரோன்னு வந்தவங்களுக்கும் அடைப்பா, உற்பத்தியே இல்லையான்னு பிரிச்சு பாப்பாங்க, அடைப்புன்னா விதையிலேர்ந்து ஊசியால எடுக்கலாம், உற்பத்திக் குறைன்னா மைக்ரோஸ்கோப் வச்சு தேடற ஆபரேஷன் இருக்கு, அதுக்கு முன்னாடி மரபணு டெஸ்ட் அவசியம் ஏன்னா ஒய் குரோமோசோம்ல சில பகுதி முழுசா இல்லைன்னா தேடினாலும் கிடைக்காது, வீணா கத்தி வைக்க வேண்டாம். டோனர் விந்தணு, தத்தெடுக்கறது ரெண்டும் நல்ல வழி தான், ஆனா ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கணும், ஒருத்தர் அரைமனசா இருந்தா கூடாது.

ஒரு விஷயம் மட்டும் அவசரம். அவளுக்கு வயசு 35ஐ நெருங்குதுன்னா உன் வைத்தியத்துக்காக வருஷக்கணக்கா காத்திருக்காத, உன் வைத்தியம், இக்ஸி ரெண்டையும் சேத்தே பாக்க சொல்லு.

இந்த வாரமே ரிப்போர்ட்ட அவகிட்ட காட்டிடு. இவ்வளவு நாளா தன்கிட்ட தான் கோளாறுன்னு அவ நினைச்சுகிட்டு இருக்கா, அது தப்பு தம்பி. அப்புறம் ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட போங்க, ரெண்டாவது ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு.

அண்ணன்